இடது உதட்டோரம்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆபீசில் மதியச் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும். பன்னிரண்டரைக்கெல்லாம் தௌபிக் அண்ணன் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். அவர்தான் எங்கள் முதலாளி. அவர் படி இறங்கியதும் மற்ற நாலு பேரும் பிரியாணிக் கடைக்குப் போய்விடுவார்கள். இரண்டு மணி வரைக்கும் நான் மட்டும்தான் இருப்பேன். டிபன் டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவேன். அன்றைக்குத் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். அன்று மதியம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். தொப்பூர் கணவாயில் அர்ச்சுனன் மாமா லாரிக்கு அடியில் போனது ஒன்றே முக்காலுக்கு என்றீர்கள். அந்த நேரத்தில் நான் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்திருப்பேன்.

பிணத்தின் முகம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன, அது என்ன வியாதி என்று முதலில் குழம்பிப்போனோம் என்றீர்கள். அது வியாதி இல்லை. நான் வைத்த மைப் புள்ளிகள். நூற்றுப் பன்னிரண்டு. அதை விளக்காமல் மற்றது எதுவும் புரியாது.

வீடியோ கேம் என்றால் சுடுவதும் ஓடுவதும் மட்டும் இல்லை. கதை சொல்கிற கேம்கள் உண்டு. அதில் வருகிற மனிதர்கள் கம்ப்யூட்டரில் செய்த பொம்மைகள்தான், ஆனால் முகம் நிஜ மனிதனின் முகம்போல அசைய வேண்டும். அதற்காக நிஜ ஆளை உட்கார வைத்து முகத்தில் புள்ளி வைப்போம். தலையில் ஒரு கவசம் மாட்டுவோம். அதிலிருந்து ஒரு கம்பி முன்னால் நீண்டு, ஒரு சாண் தூரத்தில் கேமரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் பேசினால், அழுதால், புள்ளிகள் அசையும். பொம்மை முகமும் அதேபடி அசையும். ஒரு விநாடிக்கு அறுபது படம். ஒவ்வொரு படமாகப் பார்த்து, எங்கே உதடு ஒட்டவில்லை, எங்கே இமை கண்ணுக்குள் போய்விட்டது என்று கண்டுபிடித்துத் திருத்துவது என் வேலை. பெங்களூரில் ஆறு வருஷம், தருமபுரியில் தௌபிக் அண்ணனிடம் நாலு வருஷம். ஒரு முகத்தைப் பார்த்தால் அது நடிக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஆபீசில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்த வேலைக்கு நான் படித்துவிட்டு வரவில்லை. கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கல் கிரஷரில் வளர்ந்தவள். அங்கே பக்கத்தில் எங்கேயோ என்று நினைக்க வேண்டாம், கிரஷருக்குள்ளேயேதான். என் அம்மா ராணியம்மாள் ஜல்லி ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நின்று கல் பொறுக்குவாள். நானும் தம்பியும் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்போம். கிரஷர் ஓடும்போது யார் கத்தினாலும் யார் காதிலும் விழாது. தூசிக்காக எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடித் துண்டைக் கட்டியிருப்பார்கள். ஆகவே பேச்சு முழுக்கக் கண்ணிலும் புருவத்திலும்தான். புருவம் ஒருமுறை ஏறினால் லாரி வருகிறது. கண்ணைச் சுருக்கினால் தண்ணீர் கொண்டு வா. இரண்டு தரம் மூடித் திறந்தால் மேஸ்திரி வருகிறார். எழுத்து படிப்பதற்கு முன்னால் நான் முகம் படித்தேன்.

அந்த மேஸ்திரிதான் அர்ச்சுனன் மாமா. எங்கள் உறவு இல்லை, ஊர் முறைக்கு மாமா.

போன மாசி மாதம் ஒரு பெங்களூர் கம்பெனி எங்களுக்கு வேலை கொடுத்தது. கேமின் கதையில், மலையடிவாரத்துச் சுரங்கத்தில் வேலை பார்க்கிற ஒரு அப்பன், அவனுடைய ஒரே மகள். சுரங்கம் சரிந்து மகள் செத்துப்போனாள் என்று ஒருவன் வந்து வாசலில் நின்று சொல்வான். அப்பன் அதைக் கேட்டுக்கொள்வான். அந்த ஒரு காட்சியில்தான் மொத்த கேமும் நிற்கிறது.

தௌபிக் அண்ணன் என்னிடம் வந்தார். "நடிகன் வேணாமாம் சசி. வெயில்ல வெந்த மூஞ்சி வேணுமாம். ஒங்க ஊருல யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காருங்கண்ணே" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

மாமா சந்தோஷமாக வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பைக்கில் வந்து இறங்கினார். "ஏன் கண்ணு, இந்த மூஞ்சிய வெச்சு என்னத்தப் பண்ணப் போறீங்க? எங்க ஆத்தாவே பாக்கச் சகிக்கலன்னு திரும்பிப் படுத்துக்கும்" என்றார்.

"கேமுல போடப் போறோங்க மாமா."

"அப்ப ஊருப் பசங்க எல்லாம் என்னையப் போட்டுச் சுடுவானுங்களா?"

"இல்லீங்கண்ணே, உங்களைப் பாத்து அழுவானுங்க" என்றார் தௌபிக் அண்ணன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. பிடிக்கத்தான் செய்யும். கிரஷரிலும் எல்லோருக்கும் பிடிக்கும்.

அவர் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். பேரு அர்ச்சுனன், கட்டுறது துரியோதனன் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். கூத்துக்காரன் முகம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிய வேண்டிய முகம். எங்கள் கேமரா ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. மகள் செத்தாள் என்றதும் அவர் கண்ணை உருட்டினார், மாரில் அடித்துக்கொண்டார், கம்பி ஆடி கேமரா திரும்பிவிட்டது. தௌபிக் அண்ணன் பொறுமையானவர். "அண்ணே, கொஞ்சம் கம்மியா."

"தம்பி, பொண்ணு செத்துட்டான்னும் சொல்றீங்க, கம்மியா அழுவுன்னும் சொல்றீங்க. எந்த அப்பன் கம்மியா அழுவான்?"

மூன்று நாள் எடுத்தோம். பெங்களூரிலிருந்து பதில் வந்தது. முகம் பிரமாதம், துக்கம் பொய். திங்கட்கிழமைக்குள் சரியாக வரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். தௌபிக் அண்ணன் அதை மாமாவிடம் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ஆனாலும் மாமாவின் முகம் விழுந்துவிட்டது. படிக்கட்டு வரைக்கும் போனவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"ஐசு கிட்டச் சொல்லிட்டனே கண்ணு. அவ ஹாஸ்டல் பூராவும் சொல்லி வெச்சிருக்கா, எங்கப்பன் கேமுல வர்றாருன்னு. நீ எதாச்சும் பண்ணு."

ஐசு என்பது ஐஸ்வர்யா, அவருடைய ஒரே மகள். சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். தாய் இல்லாத பிள்ளை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் தலை பின்னிக்கொள்வாள்.

"பண்றேங்க மாமா" என்றேன்.

அவராகக் கேட்டார் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

இனி என் தம்பியைப் பற்றி. எப்படியும் ஊரில் யாராவது உங்களிடம் சொல்வார்கள், நானே சொல்லிவிடுகிறேன். மாதவராஜ். வீட்டில் மாது. பாறையில் துளை போடுகிற கம்ப்ரஸர் வேலை. இருபத்திரண்டு வயசு. பதினோரு வருஷம் முன்னால், ஒரு ஆடி மாதம், காலை பதினோரு மணிக்கு வெடி வைத்தபோது அவன் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தான். வெடிக்கு முன்னால் சிவப்புக் கொடி காட்டி மூன்று முறை விசில் ஊத வேண்டும். ஊதுவது மேஸ்திரி. எல்லோரும் வெளியே வந்தார்கள், அவன் வரவில்லை. அவனைச் சாக்கில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா அதைப் பிரிக்க விடவில்லை.

அன்று போலீஸ்காரர்கள் மாமாவை விசாரித்தபோது யாரோ ஒருவன் போனில் வீடியோ எடுத்தான். முப்பத்தெட்டு விநாடி. வேர்வையும் தூசியுமாக நிற்கிறார். அதிகாரி முன்னால் நிற்பதால் மூக்குத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருக்கிறார். "மூணு தபா விசிலு ஊதுனேங்க. பையன் தண்ணி போட்டிருந்தான். காதுல வாங்கல" என்கிறார். அவ்வளவுதான். குவாரி மறுவாரம் ஓடத் தொடங்கியது.

மாது குடிக்க மாட்டான். ஒரே ஒருமுறை கூட்டாளிகளோடு பீர் குடித்துவிட்டு மூன்று நாள் வாந்தி எடுத்தவன். ஆனால் அன்றிலிருந்து என் அம்மா குடிகாரன் ஆத்தா. கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், பஸ்ஸில். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு முகம் படிக்கத் தெரியும், எனக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். நல்லது கெட்டது எதற்கும் போவதை விட்டுவிட்டாள். என் தம்பியின் பெயரை அந்த மனிதன் ஒருநாள் திருப்பித் தர வேண்டும், பையன் குடிக்கவில்லை என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அந்தக் கெட்ட பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த வீடியோவில் பதினோராவது விநாடியில், "பையன்" என்ற வார்த்தையைச் சொல்லி முடித்ததும், அவர் சிரிக்கிறார். பெரிய சிரிப்பு இல்லை. இடது உதட்டோரம் கொஞ்சம் மேலே போகிறது, அரை விநாடி நிற்கிறது, இறங்குகிறது. சாதாரண ஆள் கவனிக்க மாட்டான். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. பெங்களூர் வேலையில் சேர்ந்து, படம் படமாக நிறுத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டதும் முதலில் நிறுத்திப் பார்த்தது அதைத்தான்.

பழிவாங்கவே அவரை ஆபீசுக்கு வரவழைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் முகம் பொருத்தமாக இருந்தது. கம்பெனிக்காரர்களே பிரமாதம் என்று எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமையாக அமைந்தது தற்செயல் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். எந்த நாள் எந்தப் பதிவு என்று அட்டவணை போடுவது நான்தான்.

அன்று பன்னிரண்டு மணிக்கு மாமாவை உட்கார வைத்துப் புள்ளி வைக்கத் தொடங்கினேன். நாற்பது நிமிஷம் ஆகும். தௌபிக் அண்ணன் கிளம்பும்போது, "நான் வந்தப்புறம் எடுத்துக்கலாமே சசி" என்றார். "ரிகர்சல் மட்டும் பாத்து வெக்கிறேங்கண்ணே" என்றேன். அவர் நம்பிப் போனார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

எல்லோரும் போன பிறகு ஆபீஸ் அமைதியாக இருந்தது. மாமா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இடது உதட்டோரத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு. என்றைக்கோ கல் சில்லு பட்டு, தையல் போடாமல் தானாக ஆறியது. அந்தத் தோல் வழவழவென்று இருக்கும், மை பிடிக்காது. அங்கே மட்டும் இரண்டு தரம் புள்ளி வைத்தேன். அப்போது அவர் பேசினார்.

"சசி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்குது. ஒந்தம்பி விசயம்..."

"வாய அசைக்காதீங்க மாமா. புள்ளி கலைஞ்சிரும்."

சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டார். எதைச் சொல்ல வேண்டும் என்று பதினோரு வருஷம் காத்திருந்தாயோ அதைச் சொல்ல வந்தவனை ஏன் தடுத்தாய் என்றீர்கள். வேலை நேரத்தில் வேலையைத்தான் பார்க்க வேண்டும், மேடம். கலைந்த புள்ளியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கவசத்தை மாட்டினேன். போன் சத்தம் பதிவைக் கெடுக்கும் என்பதால் நடிக்க வருபவரின் போனை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அவருடையதும் உள்ளே இருந்தது. கேமராவை ஓடவிட்டேன். லைட்டைச் சரி செய்கிறேன் என்று வெளியே போய் ஐந்து நிமிஷம் நின்றேன். திரும்பி வந்து கதவோரம் நின்று சொன்னேன்.

"மாமா, சேலத்துல இருந்து போன் வந்துச்சு. ஹாஸ்டல்ல இருந்து. நம்ம ஐசு ரோடு தாண்டும்போது பஸ்ஸு ஏறிடுச்சாம். அங்கேயே போயிருச்சாம்."

இந்த வாக்கியத்தை நான் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். அடிபட்டுவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டிருப்பார். நம்பிக்கை வந்துவிடும். நம்பிக்கை முகத்தைக் கெடுத்துவிடும்.

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் கேமராவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இது அந்த சீனுதான கண்ணு?"

"இல்லீங்க மாமா."

அதற்குப் பிறகு நாற்பத்தோரு விநாடி. சத்தமே வரவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கண் ஒன்பது விநாடிக்கு இமைக்கவே இல்லை. இரண்டு புருவத்தின் உள்முனையும் மேலே போய் நின்றுவிட்டன. வேண்டுமென்று யாராலும் அப்படிச் செய்ய முடியாது. தாடை ஏதோ ஒன்றை மெல்வதுபோல அசைந்தது. நான் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் பத்து வருஷமாக அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

அவர் எழுந்து கவசத்தைப் பிடித்து இழுத்தார். கம்பி உடைந்துவிடும் என்று நான்தான் போய் வாரை அவிழ்த்துவிட்டேன். பதிவு முடிந்த அடுத்த நிமிஷமே உண்மையைச் சொல்லிவிடுவது என்பதுதான் என் எண்ணம். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். அதற்குள் அவர் ஓடிப்போய் வண்டியை எடுத்துவிட்டார் என்று முதல் நாள் எழுதிக் கொடுத்தேன் அல்லவா. அதையும் திருத்த வேண்டும்.

அவர் உடனே ஓடவில்லை. பெட்டி முன்னால் நின்றார். "போனக் குடு கண்ணு. அவ கூடப் படிக்கிற புள்ள நம்பரு அதுல இருக்குது" என்றார்.

"சாவி தௌபிக்கண்ணன் கிட்ட இருக்குதுங்க மாமா. நீங்க கெளம்புங்க. நான் பேசிக்கிறேன்."

சாவி என் சுடிதார்ப் பையில் இருந்தது.

அவர் என் தலையில் கையை வைத்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு இறங்கிப் போனார். வண்டியில் போடுகிற ஹெல்மெட் மேசைமேலேயே இருந்தது. பார்த்தேன். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். பதிவு சரியாகச் சேமிப்பாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

டோல்கேட் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார், எம்பொண்ணு போயிருச்சு, போன் வந்துச்சாம் என்றார், கடைக்காரர் தன் போனை நீட்டியபோது ஒரு நம்பரும் மனப்பாடமாகத் தெரியவில்லை என்று அழுதார் என்று சொன்னீர்கள். இப்போது யாருக்குத்தான் நம்பர் மனப்பாடமாகத் தெரிகிறது. அந்தக் கடைக்காரர் சொன்னதால்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்தீர்கள். போன் வந்தது என்றால் எந்தப் போனுக்கு வந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி.

ஒன்று இருபதுக்குப் பெட்டிக்குள் போன் அடித்தது. திறந்து பார்த்தேன். திரையில் "ஐசு பாப்பா" என்று இருந்தது. வெள்ளை யூனிபாரத்தில் அவள் சிரிக்கிற படம். மதிய இடைவேளையில் தினமும் அப்பனைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பாளாம். மூன்று முறை அடித்து நின்றது. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது. இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது, போலீசுக்குச் சொல்லி டோல்கேட்டில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். இருபத்தைந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பெட்டியைப் பூட்டிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் மாமாவின் உடம்பை எடுத்தார்கள். ஐசு ஓடி வந்து என்னைத்தான் கட்டிக்கொண்டாள். "எங்கப்பன் எதுக்குக்கா சேலத்துக்கு வந்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"ஒன்னைப் பாக்கணும்னு தோணியிருக்கும் பாப்பா" என்றேன். அது பொய் இல்லை.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு என் அம்மா அன்றைக்குத்தான் ஒரு இழவு வீட்டுக்கு வந்தாள். உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், இவனுக்குப் போய் ஏன் அழுகிறாய் என்று.

"ஒந்தம்பியத் துண்டு துண்டாப் பொறுக்கிச் சாக்குல கட்டுனது யாருன்னு நெனச்ச? அவன் ஒருத்தன்தான்டி. மத்த எவனும் கிட்டயே வரல" என்றாள்.

"அப்ப குடிச்சிருந்தான்னு எதுக்குச் சொன்னான்?"

"கிரஷர் மொதலாளி சொல்லச் சொன்னதச் சொல்லியிருப்பான். அவனுக்கும் அன்னிக்குக் கைப்புள்ளையா ஒரு பொட்டப்புள்ள. அதுக்கும் ஆத்தா இல்ல."

அம்மாவுக்கு வயசாகிவிட்டது. இரக்கம் வந்தால் எதையாவது சொல்வாள். ஐசுவுக்கு அப்போது ஒன்பது வயசு, கைப்பிள்ளை இல்லை.

திங்கட்கிழமைக்கு வேலையைக் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீசுக்குப் போய் அந்த நாற்பத்தோரு விநாடியைத் திறந்தேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். பெரிய பிழை எதுவும் இல்லை. ஒரே ஒரு இடம்தான். செய்தி மனசில் போய் இறங்கி, தாடை இறுகுகிற இடத்தில், இடது உதட்டோரம் கொஞ்சம் மேலே போகிறது. அரை விநாடி நிற்கிறது. இறங்குகிறது.

தழும்பில் வைத்த புள்ளி நழுவியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். நழுவவில்லை. இரண்டு தரம் வைத்திருந்தேன், நன்றாகப் பிடித்திருந்தது. பிறகு என் போனில் இருக்கிற அந்தப் பழைய வீடியோவைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் ஒன்றாக ஓட்டினேன். ஏறுகிற நேரம் அதே, நிற்கிற நேரம் அதே, இறங்குகிற நேரமும் அதே. புருவத்தின் உள்முனைகூட அந்த வீடியோவில் மேலேதான் இருக்கிறது. தூசி அப்பியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

உங்களைப்போல விஷயம் தெரியாத ஒருவர் வேறு மாதிரி வாதாடலாம். தையல் போடாத தழும்பு, துக்கத்தில் முகம் இறுகினால் அந்தப் பக்கத்துத் தோல் தானாக மேலே இழுக்கும், அவ்வளவுதான் என்று. கிரஷரில் எல்லோருடைய வாயும் துண்டுக்குள் இருந்தது, உனக்கு வாயைப் படிக்கவே தெரியாது என்றுகூடச் சொல்லலாம். சொல்பவர்கள் இந்தத் தொழிலில் பத்து வருஷம் இருந்துவிட்டுச் சொல்லட்டும்.

நாலு மணி நேரம் உட்கார்ந்து அதைத் திருத்தினேன். திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து பதில் வந்தது. இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததே இல்லை, யார் இவர், அடுத்த கேமுக்கும் இவரே வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தௌபிக் அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதார்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஐஸ்வர்யா செத்தாள் என்று பொய் சொன்னது நான். சாவியைப் பையில் வைத்துக்கொண்டு இல்லை என்றது நான். அந்த நிலைமையில் ஒரு மனிதன் கணவாயில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்காது. எனக்கும் தெரியும். எதையும் மறுக்கவில்லை.

மூலப் பதிவு வேண்டும் என்று கேட்டீர்கள். அது இல்லை, அழித்துவிட்டேன். திருத்தியதைத் தருகிறேன். அதில் ஒரு பிழையும் கிடையாது. பெற்ற மகள் செத்தாள் என்று கேட்கிற அப்பன் சிரிக்க மாட்டான். ஆகவே அந்த உதட்டோரத்தைக் கீழே இறக்கிவிட்டேன்.

தம்பி செத்த அன்று எடுத்த வீடியோவும் என் போனில் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. அதில் அவர் சிரிக்கிறார். நீங்களே பாருங்கள்.